கையளவுத் தெரு

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாள்தோறும் நடக்கும் தெருவின் நிறம் என்ன என்று கேட்டால், கறுப்பு என்று உடனே விடை சொல்லிவிடுவோம். அவ்விடை சரியன்று என்பதை, தெருவைச் சிறிய அளவில் செய்துபார்த்தவர்கள் அறிவார்கள். மாதிரி இருப்புப்பாதை அமைப்போர் தம் தெருக்களையும் நடைபாதைகளையும் உருவாக்கும் முறையையும், அதற்கு வேண்டிய கூர்ந்த நோக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பொம்மையிலிருந்து அளவுக்கு

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மார்க்லின் நிறுவனம், முதலில் பொம்மை வீடுகளுக்கு வேண்டிய தகரச் சமையற்கலங்களையே செய்துவந்தது. 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் அந்நிறுவனம் சாவி முடுக்கினால் ஓடும் தொடர்வண்டி ஒன்றை, எட்டு வடிவில் வளைந்த தண்டவாளத்தோடு காட்சிக்கு வைத்தது. அத்தண்டவாளத்தைத் துண்டு துண்டாக வாங்கி நீட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் புதுமை. இன்று ஒரு வட்டம், அடுத்த ஆண்டு ஒரு கிளைப்பாதை, அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையம் எனக் குழந்தையின் விளையாட்டு வளர்ந்துகொண்டே போகலாம். நிலையம் வந்தால் அதன் வாயிலில் ஒரு தெரு வேண்டும். தெரு வந்தால் அதில் நடக்க ஆள்கள் வேண்டும். பொம்மை ஊராக மாறத் தொடங்கியது இப்படித்தான்.

நம் வீடுகளிலும் இதற்கு உறவான வழக்கம் ஒன்று உண்டு. நவராத்திரிக் கொலுவின் படிகளுக்குக் கீழே பிள்ளைகள் ஒரு சிற்றூரை அமைப்பார்கள். கேழ்வரகு முளைத்தால் வயல், முகம் பார்க்கும் கண்ணாடி கிடந்தால் குளம், ஆற்றுமணலைக் கோடாகத் தூவினால் தெரு. அங்கே யானையைவிட உயரமான செட்டியார் பொம்மை கடை விரித்திருப்பார். எவரும் குறை சொல்வதில்லை. கொலுவின் அழகு அளவில் இல்லை. மாதிரி இருப்புப்பாதையோ முழுக்க முழுக்க அளவின் மேல் நிற்பது. யானை யானையளவிலும் செட்டியார் செட்டியாரளவிலும் இருந்தாக வேண்டும்.

உலகில் மிகப் பரவலாக உள்ள அளவுவீதம் 1:87. எச்.ஓ. என வழங்கப்படும் இவ்வளவில், உண்மையான ஓர் அடி 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மில்லிமீட்டர். இங்கிலாந்தில் 1:76 என்னும் அளவும், இடம் குறைந்த வீடுகளில் 1:160 போன்ற இன்னும் சிறிய அளவுகளும் வழங்குகின்றன. நாம் இக்கட்டுரையில் 1:87 என்னும் அளவையே எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சிறுநகரம் ஒன்றின் கடைத்தெருவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒரு தாளின் அகலம்

அமெரிக்க நகரத் தெருவொன்றில் போக ஒரு தடம், வர ஒரு தடம். தடமொன்றின் அகலம் 12 அடி. இருபுறமும் வண்டிகள் நிற்க எட்டெட்டு அடி. ஆக, சாலை 40 அடி. 1:87 அளவில் இது 140 மில்லிமீட்டர். இருபுறமும் பத்தடி அகல நடைபாதைகளைச் சேர்த்தால் இன்னும் 70 மில்லிமீட்டர். மொத்தம் 210 மில்லிமீட்டர். நாம் தேர்வுக்குப் படிக்கையில் படியெடுக்கும் ஏ4 தாளின் அகலம் சரியாக இவ்வளவுதான். ஒரு கடைத்தெரு முழுவதும் அதன் குறுக்கே அடங்கிவிடுகிறது.

அத்தெருவில் நிற்கும் மனிதனின் உயரம் 20 மில்லிமீட்டர். பென்சிலால் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் கோடு கிழித்தால், அம்மனிதனுக்கு அது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டையாகத் தோன்றும். சாலையில் உள்ள 5 மில்லிமீட்டர் வெடிப்பை அளவு மாறாமல் காட்ட வேண்டுமானால், அது தலைமுடியின் தடிப்பே இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் மணற்பருக்கை ஒன்று அவ்வூரில் 4 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட சரளைக்கல்லாகிவிடும். எனவே தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் சல்லியாக மணல் பொருந்தும். சாலையின் மேற்பரப்பாகப் பொருந்தாது. கொலுவில் மணலால் தெரு போட்ட பழக்கத்தோடு வருபவர்கள் செய்யும் முதற்பிழை இது.

ஓர் ஐயம் எழலாம். உண்மையான ஒரு கிலோமீட்டர் 1:87 அளவில் பதினொன்றரை மீட்டர். எந்த வீட்டின் அறை அதற்கு இடம் கொடுக்கும்? ஆகவே மாதிரி அமைப்போர் நீளத்தைத் தயங்காமல் வெட்டுவார்கள். பத்துக் கடைகள் இருந்த இடத்தில் நான்கு கடைகள் நிற்கும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆலை அடுத்த வளைவிலேயே வந்துவிடும். ஆனால் கதவின் உயரம், படியின் உயரம், நடைபாதை விளிம்பின் உயரம் ஆகியவற்றில் கை வைக்க மாட்டார்கள். மனித உடல் தொட்டுப் பழகும் அளவுகள் அவை. அவற்றில் பிழை நேர்ந்தால், அளவுகோல் இல்லாமலேயே கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

சாந்தும் மட்டப்பலகையும்

சாலை அமைக்கப் பல பொருள்கள் பயன்படுகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் தகடு, அட்டை, ஒட்டுப்பலகை ஆகியவற்றை வெட்டி ஒட்டுவோர் உண்டு. மிக நுண்ணிய உப்புத்தாளை விரித்து ஒட்டிவிடுவோரும் உண்டு. தார்ச்சாலையின் சொரசொரப்பு அதில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் இணைப்புக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். நெடுங்காலமாகப் பலரும் நம்பிக் கையாள்வது பாரிஸ் சாந்துதான்.

சாந்தைத் தண்ணீரில் குழைக்கும்போதே சிறிது சாம்பல் நிறப் பொடியைக் கலந்துவிடுவது நல்லது. பின்னாளில் எங்கேனும் சுரண்டப்பட்டால் உள்ளிருந்து வெள்ளை எட்டிப்பார்க்காது. சாலையின் இரு ஓரங்களிலும் மெல்லிய பட்டைகளை வரம்பாக ஒட்டி, நடுவே சாந்தை ஊற்றி, நேரான பலகையொன்றால் வழித்துவிட வேண்டும். கொத்தனார் தளம் போடுகையில் மட்டப்பலகையை இருபுறமும் அசைத்து அசைத்து இழுப்பாரே, அதே கைவேலைதான். கருவி மட்டும் ஓர் அடிக்கோலாகச் சுருங்கிவிடுகிறது.

வழிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. உண்மையான சாலை தட்டையானது அன்று. மழைநீர் இருபுறமும் வடிவதற்காக நடுவில் சற்றே புடைத்து, ஓரங்களை நோக்கிச் சரிந்திருக்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு சரிவு என்று கொண்டால், நமது மாதிரித் தெருவின் நடுப்பகுதி ஓரங்களைவிட 1.4 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இது மிகச் சிறிய அளவே. எனினும் தட்டையான தெருவையும் புடைத்த தெருவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முன்னது மேசையாகவும் பின்னது சாலையாகவும் தோன்றும். மழை பெய்யாத ஊருக்கும் மழைக்கென அமைத்த சரிவு வேண்டியிருக்கிறது.

தண்டவாளம் தெருவுக்கு நடுவே செல்லும் இடத்தில்தான் உண்மையான சோதனை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து மிச்சிகன் சிட்டியில், சவுத் ஷோர் என்னும் மின்தொடர்வண்டி 2022ஆம் ஆண்டுவரை பதினொன்றாம் தெருவின் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலுக்கும் பயணிகள் வண்டிக்கும் இடையே ஒரு நடைபாதையும் ஒரு தடமுமே இருந்தன. இத்தகைய தெருவை மாதிரியில் அமைப்பவர், தண்டவாளத்தின் இருபுறமும் சாந்தை நிரப்ப வேண்டும். அதேவேளை சக்கரத்தின் உட்புற விளிம்பு ஓடுவதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் பள்ளம் விட வேண்டும். சாந்து பாதி இறுகிய நிலையில் பழைய சரக்குப் பெட்டியொன்றை முன்னும் பின்னும் தள்ளினால், சக்கரங்களே தமக்கு வேண்டிய பள்ளத்தை அறுத்துக்கொள்ளும்.

சாந்தின் மேல்மட்டம் தண்டவாளத்தின் தலையைவிட இம்மியளவு தாழ்ந்திருத்தல் வேண்டும். மாதிரி வண்டிகள் பெரும்பாலும் தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரத்தைப் பெறுகின்றன. சாந்து உயர்ந்துவிட்டால் சக்கரம் தூக்கப்படும், மின்தொடர்பு அறும், வண்டி நடுத்தெருவில் நிற்கும். சாந்தைத் தேய்த்த தூசி தண்டவாளத்தில் படிந்தாலும் அதே நிலைதான். அழகிய தெருவை முடித்த மறுநாள் வண்டி நகரவில்லை என்று தலையில் கை வைத்தவர்கள் பலர். அழகுக்கும் ஓட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளியே உண்டு.

இதே நுட்பத்தின் இன்னொரு வடிவம் ஜெர்மனியில் வளர்ந்தது. ஃபாலர் நிறுவனம் உருவாக்கிய முறையில், சாலையின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே மெல்லிய இரும்புக் கம்பி புதைக்கப்படுகிறது. பேருந்தின் முன்சக்கரங்களோடு இணைந்த சிறு காந்தம் அக்கம்பியைப் பின்தொடர்ந்து வண்டியைத் திருப்புகிறது. கம்பியின் மேல் பூசும் சாந்து தடித்துவிட்டால் காந்தம் வழி தவறும். மின்கலத்தில் ஓடும் அவ்வண்டி நடைபாதையில் ஏறிக் கடைக்குள் புகுந்துவிடும்.

நடைபாதை

நடைபாதைக்குப் பிளாஸ்டிக் தகடே ஏற்றது. அமெரிக்க நகரங்களின் கற்காரை நடைபாதைகள் பெரும்பாலும் ஐந்தடிச் சதுரங்களாகக் கோடிடப்பட்டவை. கற்காரை சுருங்கும்போது வெடிப்பு கண்ட இடத்தில் விழாமல் இருப்பதற்காகவே அக்கோடுகள். மாதிரியில் ஒவ்வொரு சதுரமும் 17.5 மில்லிமீட்டர். கத்தியின் முதுகால் கோடிழுத்தால் போதும். கூர்முனையால் இழுத்தால் இருபுறமும் பிசிறு எழும்.

எல்லாச் சதுரங்களுக்கும் ஒரே நிறம் பூசுவது தவறு. ஒரு சதுரம் உடைந்து புதிதாக வார்க்கப்பட்டிருக்கும். அது வெளிறித் தெரியும். மரத்தின் வேர் ஒரு சதுரத்தை ஒருபுறமாகத் தூக்கியிருக்கும். முடிதிருத்தகத்தின் வாசலில் நாள்தோறும் கழுவிய நீர் வழிந்து ஒரு கோடு விட்டிருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே தெருவில் காட்டிவிட முயல்வதும் தவறே. வெடிப்பு வரையக் கற்றுக்கொண்டவர் எல்லாச் சதுரத்திலும் வெடிப்பு வரைவார். புதிதாக உப்பளக்கக் கற்றவர் எல்லாப் பாத்திரத்திலும் உப்பிடுவதைப் போல. ஐந்து சதுரங்களுக்கு ஒன்றில் தழும்பு இருந்தாலே தெரு பழையது என்று கண் நம்பிவிடும்.

கட்டடமும் நடைபாதையும் சேரும் இடத்தை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். மாதிரிக் கட்டடங்களை நடைபாதையின் மேல் வெறுமனே வைத்துவிட்டால், சுவரின் அடியில் நிழற்கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு போதும், கட்டடம் மண்ணில் வேரூன்றியதன்று, தூக்கி வைத்தது என்று சொல்ல. நல்ல கலைஞர்கள் சுவரைச் சிறிது கீழிறக்கி, நடைபாதையை அதனோடு நெருக்கி, எஞ்சிய இடுக்கில் மண்பொடி தூவுவார்கள். ஓரிடத்தில் ஒரு புல் முளைத்திருக்கும்.

> தெரிந்து தெளிவோம்
>
> தெருவைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. மறுகு, வீதி என்பன பெருந்தெருவையும், ஆவணம் என்பது கடைத்தெருவையும், முடுக்கு, சந்து என்பன குறுகிய வழியையும் குறிக்கும். மூன்று தெருக்கள் கூடுமிடம் சந்தி. நான்கு தெருக்கள் கூடுமிடம் சதுக்கம்.

தெருவின் நிறம்

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது வருவோம். புதிதாகப் போட்ட தார்ச்சாலை கறுப்பாகவே இருக்கும். கற்களின் மேல் படிந்துள்ள தார், வண்டிகளின் உராய்வால் தேய்கிறது; வெயிலாலும் காற்றாலும் வெளிறுகிறது; உள்ளிருக்கும் கற்கள் வெளியே தெரிகின்றன. சில ஆண்டுகளில் சாலை சாம்பல் நிறத்தை அடைகிறது. கற்காரைச் சாலையின் வாழ்க்கை இதற்கு நேர்மாறு. அது வெளிறிப் பிறந்து, அழுக்கும் சக்கரத் தேய்வும் எண்ணெயும் ஏற ஏறக் கருமை கொள்கிறது. முதுமையில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவருகின்றன.

ஆகவே, கறுப்பு வண்ணத்தைப் புட்டியிலிருந்து அப்படியே எடுத்துச் சாலைக்குப் பூசுதல் கூடாது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதிரி ஊரை நாம் ஒரு மீட்டர் தொலைவில் நின்று பார்க்கிறோம். 1:87 அளவில் அது 87 மீட்டர் தொலைவு. தொலைவில் உள்ள பொருள்களின் நிறம் காற்றில் கரைந்து வெளிறித் தோன்றும். தொலைமலை நீலமாகத் தெரிவதும் இக்காரணத்தாலேயே. எனவே மாதிரியில் கறுப்பு சாம்பலாகவும், வெள்ளை சற்றே மங்கியும், சிவப்பு சற்றே தணிந்தும் இருக்க வேண்டும்.

அடிநிறம் காய்ந்தபின், வண்ணச் சுண்ணக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மென்தூரிகையால் சாலை நெடுகத் தடவுவார்கள். இங்கே பார்வைதான் பாடம். வண்டிகளின் எண்ணெய் எங்கே சொட்டும்? தடத்தின் நடுவில். சக்கரம் ஓடும் இரு கோடுகளிலும் வேறொரு சாயல் தெரியும். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே ஓரிடத்தில் மிகுதியாகச் சொட்டும். எனவே சந்தியின் முன்னும், வண்டிகள் நிறுத்தும் இடங்களிலும் கறை அடர்ந்திருக்கும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடம் நீள்சதுரமாக, புதுத்தாரின் கருமையோடு தெரியும். பாதாளச் சாக்கடையின் மூடி 7 மில்லிமீட்டர் வட்டம். மழைநீர் வாய் நடைபாதை விளிம்பை ஒட்டித் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். உயர்ந்த பக்கத்தில் அதை வைத்தவர் தண்ணீரை மேட்டுக்கு ஏறச் சொல்கிறார்.

தமது தெருவில் ஒரு கறையை எங்கே இடுவது என்று முடிவு செய்வதற்காக, மாதிரி அமைப்போர் உண்மைத் தெருவில் நெடுநேரம் நின்று பார்ப்பார்கள். வழிப்போக்கர்கள் அவர்களை ஐயத்தோடு பார்ப்பதும் உண்டு.

தெருவில் கால வழு

இலக்கணத்தில் வழு ஏழு வகைப்படும் என்று கற்றிருக்கிறோம். 'நேற்று வருவான்' என்பது கால வழு. சொற்றொடரில் நேரும் இப்பிழை தெருவிலும் நேரும்.

நாம் எடுத்துக்கொண்டது 1950ஆம் ஆண்டுத் தெரு. அதன் மூலையில் 'நில்' என்னும் எண்கோணப் பலகையை நட வேண்டும். இன்று அது சிவப்பு. ஆனால் அமெரிக்காவில் அப்பலகைக்குச் சிவப்பு விதியானது 1954ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் அது மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. வெயிலில் வெளிறாத சிவப்பு அதுவரை எளிதாகக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுத் தெருவில் சிவப்புப் பலகை நட்டால், அது 'நேற்று வருவான்' என்பதற்கு ஒப்பாகும்.

சாலையின் நடுக்கோடும் அவ்வாறே. எதிரெதிராகச் செல்லும் வண்டிகளைப் பிரிக்கும் கோடு மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்னும் விதி 1971ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் வெள்ளைக் கோடுகள் பரவலாக இருந்தன. வண்டி நிறுத்தக் காசு வாங்கும் கம்பங்களை இத்தெருவில் தாராளமாக நடலாம். முதற்கம்பம் ஓக்லஹாமா நகரில் 1935ஆம் ஆண்டே நடப்பட்டுவிட்டது.

இவையெல்லாம் பலகைகளும் கோடுகளுமே என்று எண்ணலாம். அடுத்துக் காணப்போவது அப்படிப்பட்டதன்று.

1.75 மில்லிமீட்டர்

நடைபாதையின் விளிம்பு சாலையிலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்திருக்கும். மாதிரியில் இது 1.75 மில்லிமீட்டர். இன்றைய அமெரிக்கத் தெருமூலைகளில் இவ்விளிம்பு தாழ்ந்து, சாலையோடு சேரும் சாய்தளமாக மாறியிருக்கும். கடையில் வாங்கும் மாதிரி நடைபாதைத் தகடு இத்தகைய சாய்தளத்தோடு வந்தால், 1950ஆம் ஆண்டுத் தெருவை அமைப்பவர் அதை அடைத்துவிட வேண்டும். ஏனெனில் அன்றைய தெருக்களில் சாய்தளம் காண்பது அரிது.

சிறு திருத்தமாகத் தோன்றும் இச்செயலின் பொருள் என்ன? அத்தெருவில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை நிறுத்திப்பாருங்கள். அவர் தம் வீடிருக்கும் மனையைச் சுற்றி வரலாம். மூலையில் நின்றுவிட வேண்டும். எதிரே உள்ள மருந்துக்கடைக்கோ நூலகத்துக்கோ பிறர் தூக்கிவிடாமல் போக இயலாது. நகக்கண் அளவும் இல்லாத அவ்வுயரம் அவருக்குச் சுவர். அன்றைய தெருவைக் காட்டும் பழைய ஒளிப்படங்களில் அவரைப் போன்றோர் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அவர்கள் ஊரில் இல்லாமல் போகவில்லை. தெருவுக்கு வரத்தான் வழியில்லாமல் இருந்தது.

இளம்பிள்ளை வாதத்தால் கைகால் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் என்பவர் 1962ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரும் அவரைப் பின்பற்றி வந்த மாணவர்களும் பிற கோரிக்கைகளோடு தெருமூலைகளில் சாய்தளம் வேண்டும் என்றும் போராடினார்கள். 1970களில் பெர்க்லி நகரத் தெருமூலைகள் மாறத் தொடங்கின. 1990ஆம் ஆண்டு நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை நாடெங்கும் கட்டாயமாக்கியது. பிறகு அச்சாய்தளத்தில் குழந்தை வண்டி தள்ளும் தாயும், பெட்டி இழுக்கும் பயணியும், சரக்கு வண்டி தள்ளும் தொழிலாளியும் ஏறி இறங்கினார்கள்.

ஆகவே மாதிரி அமைப்பவர் எந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது எவரைத் தெருவில் நடமாட விடுகிறார் என்பதுமாகும். 1950ஐத் தேர்ந்தவர் சாய்தளம் இட்டால் வரலாற்றுக்குப் பொய். இடாவிட்டால் அன்றைய கொடுமையும் மாதிரியில் இடம்பெற்றுவிடும். இடாமலிருப்பதே நேர்மை. சிலர் அம்மூலையில் சக்கர நாற்காலியில் ஒருவரை நிறுத்திவைக்கலாம். பார்ப்போர் பலர் அவரைக் கவனிக்காமலே போகக்கூடும். ஒருவர் கவனித்தாலும், 'இவர் எப்படிக் கடப்பார்?' என்று கேட்டுவிடுவார்.

> தெரியுமா?
>
> பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்க உதவும் புள்ளிகள் புடைத்த நடைபாதைக் கற்களை ஜப்பானியரான செய்ச்சி மியாகே உருவாக்கினார். அவை 1967ஆம் ஆண்டு ஒக்காயாமா நகரத் தெருவொன்றில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று சென்னை மெட்ரோ நிலையங்களிலும் அவற்றைக் காணலாம்.

குதிரைவீரன்

தெருவும் தொடர்வண்டியும் கலந்த வரலாற்றில் நியூயார்க்கின் பத்தாம் நிழற்சாலையை மறக்க இயலாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அங்கே சரக்குத் தொடர்வண்டிகள் தெருமட்டத்திலேயே ஓடின. மக்கள் நடந்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள், நடுவே நீராவி எஞ்சின் வந்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஊரார் அதற்கு 'மரணச் சாலை' என்றே பெயரிட்டனர். விபத்தைக் குறைக்க, ஒவ்வொரு வண்டியின் முன்னும் குதிரைவீரன் ஒருவன் செல்ல வேண்டும் என்று நகராட்சி விதித்தது. பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. 1934ஆம் ஆண்டு தெருவுக்கு மேலே உயர்த்திய இருப்புப்பாதை திறக்கப்பட்டது. குதிரைவீரர்களின் கடைசிப் பயணம் 1941ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வுயர்பாதையின் எஞ்சிய பகுதியே இன்று ஹை லைன் என்னும் பூங்காவாக விளங்குகிறது.

இத்தெருவை மாதிரியில் அமைப்பவருக்குச் சாந்து, சல்லி, சுண்ணப்பொடி எல்லாம் நிறைவாகக் கிடைத்தாலும், எஞ்சினுக்கு முன்னே ஒரு குதிரையும் அதன்மேல் கொடி பிடித்த வீரனும் இல்லையெனில் அத்தெரு முழுமை பெறாது. குதிரை இருந்தால் பார்ப்பவர் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் இறந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

எரிந்த ஊர்

மாதிரி ஊர்களுக்கு முதுமையின் நிறத்தைத் தந்தவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர். புதுப்பளபளப்போடு கடையிலிருந்து வரும் வண்டிகளையும் கட்டடங்களையும் துருவும் தூசியும் ஏறியவையாக மாற்றி, தம் வீட்டின் நிலவறையில் 1:87 அளவில் மலைகளும் பாலங்களும் நகரத் தெருக்களும் நிறைந்த உலகொன்றைப் பல்லாண்டு முயன்று அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் கோரி அண்டு டிஃபீட்டட்; குருதி தோய்ந்து தோற்றது என்று ஆங்கிலத்தில் பொருள் தொனிக்கும் சிலேடை. நகைச்சுவை மிக்கவர். வண்டிப் பெட்டிகளை இழுக்கும் எஞ்சின் வேலைக்கு ஒரு டைனோசர் பொம்மையையும் அவர் அமர்த்தியிருந்தார். அளவிலே அத்துணைக் கண்டிப்புடையவர் இவ்விளையாட்டையும் விட்டுவிடவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சியே.

1973ஆம் ஆண்டு சனவரியில் ஆலன் மறைந்தார். சில நாள்களில் அவ்வீட்டில் தீப்பற்றி, அவர் அமைத்த ஊரின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை அவர் எடுத்த ஒளிப்படங்கள். இன்றும் மாதிரித் தெரு அமைக்கத் தொடங்குவோர் அப்படங்களைப் பார்த்து, நடைபாதையின் எந்த மூலையில் அவர் கறை வைத்தார் என்று ஆராய்கின்றனர்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் பழைய கிடங்கொன்றில், பிரவுன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 2001ஆம் ஆண்டு மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்னும் மாதிரியுலகைத் திறந்தனர். 1:87 அளவிலான அவ்வுலகம் இன்று உலகின் மிகப் பெரிய மாதிரி இருப்புப்பாதையாகப் பதிவு பெற்றுள்ளது. ஏறத்தாழக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே இரவு வருகிறது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. கம்பியைப் பின்தொடரும் தீயணைப்பு வண்டிகள் சாந்துச் சாலையில் விரைகின்றன. சன்னலோரம் நிற்கும் 20 மில்லிமீட்டர் மனிதர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சற்று நேரத்தில் மீண்டும் விடிகிறது. முதல் வெளிச்சத்தில் சாலை கறுப்பாக இல்லை. நீலம் கலந்த சாம்பலாக இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி வாயிலுக்கு முன்னுள்ள தெருவில் பத்து மீட்டர் நீளத்தை அளந்து, 1:87 அளவில் தாளில் வரைக. சாலையின் கறைகள், ஒட்டுகள், மழைநீர் வாய் ஆகியவற்றை இருக்கும் இடத்திலேயே குறிக்க.

2. அத்தெருவில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பள்ளி வாயிலை அடையும்வரை எத்தனை இடங்களில் நிற்க நேரும் என்று கண்டறிந்து, ஒவ்வோரிடத்தின் உயரத்தையும் அளந்து எழுதுக.

3. உங்கள் ஊரின் பழைய ஒளிப்படம் ஒன்றைப் பெரியோரிடம் பெற்று, அதில் காணும் தெருவை இன்றைய தெருவோடு ஒப்பிட்டு, வகுப்பறையில் பேசுக.